வெள்ளிக்கிழமைப் பொய்

செப்டம்பர் 18

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். என்னை உங்களுக்குத் தெரியாது. சார், உங்கள் கணவர், எடுத்துக்கொண்டிருந்த நாலாம் வகுப்பை இப்போது நான் எடுக்கிறேன். ஆபீஸ் ரூமில் உங்கள் ஃபோன் நம்பர் கேட்டேன். உங்கள் மகள் வீட்டு முகவரிதான் கிடைத்தது. துக்கத்தில் இருப்பவருக்கு இப்படி ஒரு கடிதமா என்று எழுதி எழுதிக் கிழித்தேன். மன்னியுங்கள்.

காலாண்டுத் தேர்வில் ஒரு கேள்வி: "ஆறு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது?" வகுப்பு முழுக்க, ஒரு பிள்ளை விடாமல், "ஆறு கடலில் தொடங்கி மலையில் முடிகிறது" என்று எழுதியிருக்கிறது. முதல் ரேங்க் வாங்குகிற பெண்ணும் அப்படித்தான், தன் பெயரையே தப்பாக எழுதுகிற கடைசி பெஞ்சும் அப்படித்தான். யார் சொன்னது என்று கேட்டேன். சார் சொன்னார் என்று எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள்.

தாள்களைப் பார்த்த ஹெச்.எம்., "பாவம், கடைசி நாள்ல அவருக்கு நிதானம் தப்பியிருக்கு" என்றார். கல்வி அலுவலகத்துக்கு ஓர் அறிக்கை தயார் செய்திருக்கிறார். முன்பு இருந்த ஆசிரியர் தவறாகக் கற்பித்ததால் பாடங்களை ஆரம்பத்திலிருந்து மறுபடி நடத்துகிறோம் என்று அதில் இருக்கிறது. வகுப்பாசிரியர் என்பதால் நானும் கையெழுத்துப் போட வேண்டும். போட்டுவிட்டால், இத்தனை வருடம் வேலை பார்த்தவரைப் பற்றி அலுவலகத்தில் இருக்கப்போகிற கடைசிச் சொல் அதுதான்.

சாரைப் பற்றி ஆசிரியர் அறையில் ஒருவர்கூடக் குறைவாகப் பேசி நான் கேட்கவில்லை. அதனால்தான் பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். கடைசி நாட்களில் வீட்டில் அவரிடம் ஏதாவது தடுமாற்றம் தெரிந்ததா? தப்பாக நினைக்காமல் ஒரு வரி எழுதுங்கள்.

இன்னொன்றும் உங்களிடம் மறைக்கக் கூடாது. உங்களை அழைத்துவர மகள் வீட்டுக்குப் போன இடத்தில் சாருக்கு அங்கேயே எல்லாம் நடந்துவிட்டதால், இங்கே பிள்ளைகள் எதையும் பார்க்கவில்லை. பரீட்சை நேரம், பயந்துவிடுவார்கள் என்று ஹெச்.எம். சொல்லி, சார் லீவில் இருக்கிறார் என்றே எல்லோரும் சொல்லிவருகிறோம். நானும்தான்.

தங்கள்
நாலாம் வகுப்பு டீச்சர்


செப்டம்பர் 23

டீச்சரம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. மகள் படித்துக் காட்ட வந்தாள். கொடு, எனக்கே படிக்கத் தெரியும் என்று பிடுங்கிக்கொண்டேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான் நான். ஆனாலும் அவரைக் கட்டிக்கொண்ட பிறகு எழுத்துக் கூட்டிப் படிக்கிற வழக்கத்தை விட அவர் விடவில்லை.

படித்ததும் உங்கள் மேல் வந்த கோபம் கொஞ்சநஞ்சம் இல்லை. ஃபோன் நம்பர் கிடைக்காமல் போனது உங்கள் நல்ல நேரம். கடிதம் என்றால் பேனா எடுக்க வேண்டும், பேப்பர் தேட வேண்டும், அதற்குள் பாதிக் கோபம் இறங்கிவிடுகிறது. மீதியில்தான் எழுதுகிறேன்.

அவருக்கு நிதானம் தப்பவில்லை. சட்டைப் பித்தானைக்கூட வரிசை மாறாமல் போடுகிற மனிதர். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்து இறங்கியவர், டீயைக் கையில் வைத்துக்கொண்டு மாப்பிள்ளையைப் பால்கனிக்கு இழுத்துப் போனார். எந்த மாதம் வெயில் எந்தப் பக்கம் விழும் என்று விரல் நீட்டிச் சொல்லி, துணிக் கொடியை இடம் மாற்றிக் கட்ட வைத்தார். இப்போதும் துணி நன்றாகக் காய்கிறது. அதன் பிறகுதான் நெஞ்சு கனமாக இருக்கிறது என்று உட்கார்ந்தார். குழம்பின தலையா அது?

ஆறு கடலில் தொடங்குகிறது என்று அவர் சொல்லியிருந்தால் அன்றைக்கு வெள்ளிக்கிழமையாக இருந்திருக்கும். விசாரித்துப் பாருங்கள். உங்கள் ஹெச்.எம்.முக்கு இது தெரியாதா? அத்தனை வருஷம் பக்கத்து அறையில் உட்கார்ந்து என்ன பார்த்தார்?

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தில் அவர் ஒரு பொய் சொல்லுவார். ஒன்றே ஒன்று. பாடத்துக்கு நடுவே, கல்லு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு சொல்லுவார். பிள்ளைகள் சனி ஞாயிறு யோசித்து, யாரையாவது கேட்டு, எதையாவது புரட்டி, அதைக் கண்டுபிடித்துக்கொண்டு திங்கட்கிழமை வர வேண்டும். ஏன் இந்த வேலை என்று கேட்டேன். "சார் சொன்னாருன்னு ஒரு பிள்ளை எதையும் நம்பக் கூடாது. என்னையே சந்தேகப்படத் தெரிஞ்சாத்தான் நாளைக்கு வேற எவனும் ஏமாத்த முடியாது" என்றார். இதை அவர் சொல்லும்போது நான் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தேன், அதைக் கருகவிட்டுவிட்டு நின்றேன். நான் படித்த பள்ளிக்கூடத்தில் டீச்சரைச் சந்தேகப்பட்டால் முட்டிதான் பெயரும்.

அந்தப் பொய்யை வியாழக்கிழமையே என்னிடம் சொல்லிப் பார்ப்பார். நான் கண்டுபிடித்துவிட்டால் சுலபம் என்று தள்ளிவிடுவார். நான் அப்படியே விழுங்கிவிட்டால் நாளைக்கு இதுதான் என்று துள்ளுவார். பெரும்பாலும் விழுங்கித்தான் இருக்கிறேன். அந்தக் காலத்து மனிதர்கள் எல்லோரும் கறுப்பு வெள்ளைதான், கலர் பிற்பாடுதான் வந்தது, பழைய ஃபோட்டோவைப் பார் என்றார். அதில் மட்டும் நான் ஏமாறவில்லை, எங்கள் அத்தையை நான் நேரில் பார்த்திருக்கிறேனே. இன்னொரு தடவை, ஒரு நாட்டுக்கும் அடுத்த நாட்டுக்கும் நடுவே தரையில் கோடு போட்டிருக்கும், மேப்பில் இருக்கிறதே என்றார். சரி என்று கேட்டுக்கொண்டேன். மழை பெய்தால் அழிந்து போகாதா, யார் மறுபடி போடுவார்கள் என்று மட்டும் கேட்டேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, "இந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல" என்றார். ஒரு வாத்தியார் தன் பெண்டாட்டியிடம் அப்படிச் சொல்லி நீங்கள் கேட்டிருக்கிறீர்களா?

மலை பாடம் வந்தால் கட்டில்தான் உலகம். போர்வையைக் குவித்து மலை கட்டி, சொம்பில் தண்ணீர் எடுத்து உச்சியில் ஊற்றிக் காட்டுவார். மெத்தை நனைந்து, இரண்டு பேரும் அன்றைக்குத் தரையில் படுத்தோம். சரித்திரம் வந்தால் ராஜாக்களை வரிசையில் காத்திருக்கச் சொல்லிவிடுவார். முதலில் நம் பள்ளிக்கூடத்துச் சுவர் எப்போது வந்தது, அதற்கு முன்னால் இங்கே என்ன இருந்தது, யாரைக் கேட்டால் தெரியும் என்று பிள்ளைகளைத் தெருவில் இறக்கிவிடுவார். பலசரக்குக் கடைக்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து சண்டை போட்டார். கும்பலாக வந்து, உங்களுக்கு முன்னாடி இந்தக் கடையில் யார் இருந்தார்கள், அவர்களுக்கு முன்னாடி யார் என்று கேட்டதில், கடையைக் காலி பண்ணச் சொல்ல ஆள் அனுப்பியிருக்கிறார்கள் என்று நினைத்துவிட்டாராம்.

இந்த ஆற்றுப் பொய் எனக்குத் தெரியாது. அந்த வியாழக்கிழமை நான் மகள் வீட்டில் இருந்தேன். அவர் கடைசியாகச் சொன்ன பொய்யை உங்கள் கடிதத்தில்தான் முதன்முதலாகக் கேட்கிறேன். ஹெச்.எம். அதைக் குற்றம் என்று நினைத்து அறிக்கை எழுதினார். எனக்கு அது அவர் குரலாகவே வந்து சேர்ந்தது. அதற்காக உங்கள் மேல் இருந்த மீதிக் கோபத்தையும் விட்டுவிட்டேன்.

கையெழுத்துப் போடாதீர்கள்.

சார் வீட்டுக்காரி


செப்டம்பர் 29

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆசிரியர் அறையில் வைத்துப் படித்தேன். படிக்கும்போதே சிரித்துவிட்டேன், பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். இப்படி ஒரு பாடம் நான் பயிற்சிக் கல்லூரியில் படித்ததில்லை. சாருடைய வகுப்பில் ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்கக் கிடைக்கவில்லையே என்று இருக்கிறது.

ஆனால் விஷயம் தீரவில்லை. வகுப்புக்குப் போய், "அது சாரோட வெள்ளிக்கிழமைப் பொய்தானே, யார் யார் கண்டுபிடிச்சீங்க?" என்று கேட்டேன். ஒரு கைகூட உயரவில்லை. எல்லோரும் மேஜையைப் பார்த்தார்கள். சரி, கண்டுபிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நானே போர்டில் மலை வரைந்து, ஆறு இங்கேதான் தொடங்குகிறது என்று சொல்ல ஆரம்பித்தேன். வகுப்பே கலங்கிவிட்டது. சிலர் காதைப் பொத்திக்கொண்டார்கள். முன் பெஞ்சில் ஒரு பெண், சார் அவளுக்குக் 'கேள்வி' என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார், எழுந்து நின்று, "அத நீங்க சொல்லக் கூடாது டீச்சர்" என்றாள். திமிராகச் சொல்லவில்லை. கண் நிறைந்திருந்தது.

மறுநாள் அதே கேள்வியை மறுபடி எழுதச் சொன்னேன். மறுபடியும் கடல்.

ஹெச்.எம்.மிடம் உங்கள் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். பொய் சொல்லிக்கொடுப்பது ஒரு பாடமா என்றார். இருந்தாலும், பிள்ளைகள் சரியாக எழுதிவிட்டால் அறிக்கையை நிறுத்திவிடுகிறேன், அக்டோபர் பத்தாம் தேதி வரை பார்ப்பேன் என்றார். அவர் கெட்டவர் இல்லை அம்மா. தாள்கள்தான் அவர் முன்னால் கிடக்கின்றன.

எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. இந்தப் பிள்ளைகள் என்னை வெறுக்கவில்லை. ஆனால் வகுப்பில் நான் ஒரு விருந்தாளி மாதிரிதான் நிற்கிறேன். என்னை நீங்கள் "நீ" என்றே எழுதலாம்.

தங்கள்
டீச்சர்


அக்டோபர் 2

டீச்சரம்மாவுக்கு,

"நீ" என்று எழுத என்னால் ஆகாது. எங்கள் வீட்டில் வாத்தியாரை நீ என்று சொல்லிப் பழக்கமில்லை. கட்டின புருஷனையே சார் என்றுதான் கூப்பிட்டேன். கல்யாணமான புதிதில் எல்லோரும் சிரித்தார்கள், அப்புறம் அவர்களும் சார் என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். அவருடைய சொந்தத் தம்பிகூட.

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் துணி மடிக்கப் போனேன். பாதியில் கை நின்றுவிட்டது. பிள்ளைகளுக்குத் தெரியும் டீச்சரம்மா. எல்லோருக்கும் தெரியும். அன்றைக்கே தெரிந்திருக்கும், ஆறு கடலில் தொடங்காது என்று தெரியாத பிள்ளை உண்டா? நான் உங்களுக்கு எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன். அது எனக்கு அவ்வளவு முக்கியமாகத் தோன்றவில்லை.

கண்டுபிடித்த பிள்ளை அதைச் சத்தமாகச் சொல்லக் கூடாது. சாருடைய காதில் சொல்ல வேண்டும். ஒருத்தன் கத்திவிட்டால் மற்றவன் தானே கண்டுபிடிக்கிற சந்தோஷம் போய்விடும் என்பார். சரியாக இருந்தால் தலையாட்டுவார், அவ்வளவுதான். திணறுகிற பிள்ளைக்கு மட்டும் சாயங்காலத்துக்குள் ஏதாவது ஒரு நுனி எடுத்துக் கொடுப்பார். கடைசிப் பிள்ளையும் காதில் சொல்லி முடிகிற வரைக்கும் வகுப்பில் அந்தப் பொய்தான் உண்மை. யாரும் அதை மீறிப் பேசக் கூடாது, எழுதக் கூடாது. எல்லோரும் சொல்லி முடித்த பிறகு ஒருவர் கையில் சாக்பீஸைக் கொடுத்து, அழித்துச் சரியாக எழுது என்பார்.

திங்கட்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கைக்குட்டையால் காதைத் துடைத்துக்கொண்டே வருவார். பிள்ளைகள் எச்சில் படப் படத்தானே ரகசியம் சொல்லும். காது வலி வரும், சீழ் பிடிக்கும் என்று நான் திட்டுவேன். "இதுதாண்டி எனக்குச் சம்பளம்" என்பார்.

ஆகையால் அந்தப் பிள்ளைகள் தப்பாக எழுதவில்லை. சட்டப்படி எழுதியிருக்கிறார்கள். மார்க் போனாலும் பரவாயில்லை என்று காத்துக்கொண்டிருக்கிறார்கள். நீங்கள்தானே லீவு என்று சொன்னீர்கள். லீவில் போன மனிதர் திரும்பி வர வேண்டுமே. வருகிற வரை பதிலைப் பத்திரமாக வைத்திருக்கத்தான் செய்யும் பிள்ளை. முதல் ரேங்கும் கடைசி பெஞ்சும் ஒரே மாதிரி. பெரியவர்கள் நாம் நாலு பேர் சேர்ந்து ஒரு சட்டத்தை ஒரு வாரம் காப்பாற்ற மாட்டோம்.

இதை ஹெச்.எம்.மிடம் சொல்லுங்கள். பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். அதன் பிறகு உங்கள் காதைக் கொடுங்கள், சொல்லிவிடுவார்கள்.

நான் இருந்து செய்ய வேண்டிய வேலையைத்தான் உங்களிடம் சொல்கிறேன் என்று தெரியும். என்னால் அங்கே வர முடியாது. அந்த மேஜைக்குப் பின்னால் அவர் இல்லாததை நான் இன்னும் பார்க்கவில்லை. பார்க்காத வரைக்கும் ஏதோ கொஞ்சம் பாக்கி இருக்கிற மாதிரி இருக்கிறது. மகளிடம்கூட "அவர் போன பிறகு" என்றுதான் சொல்கிறேன், வேறு வார்த்தை வாயில் வரவில்லை. பிள்ளைகளை லீவு என்று நீங்கள் ஏமாற்றினீர்கள். என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன். அவர் பெண்டாட்டி, எதையும் சீக்கிரம் விழுங்கிவிடுகிறவள்.

சார் வீட்டுக்காரி


அக்டோபர் 5

அன்புள்ள அம்மாவுக்கு,

நீங்கள் எழுதியதை ஹெச்.எம்.மிடம் சொன்னேன். நெடுநேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு, "பிள்ளைங்ககிட்ட சாவப் பத்தி நான் பேச விட மாட்டேன். எந்த அப்பா அம்மா வந்து கேட்டாலும் நான்தான் பதில் சொல்லணும்" என்றார். உள்ளதைச் சொல்லாமல் என் காதை நீட்டினால் எந்தப் பிள்ளை சொல்லும்? முயன்றேன். 'கேள்வி' என் காதை ஒரு பார்வை பார்த்தாள். மளிகைக் கடையில் அழுகின தக்காளியைப் பார்ப்பது மாதிரி.

அறிக்கையில் நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் தற்காலிக வேலையில் இருப்பவள். என் கையெழுத்து இல்லாமலும் அது போகும், ஹெச்.எம். தனியாகப் போட்டு அனுப்பிவிடுவார். எனக்குப் பதில் வேறு ஆளும் வரலாம். அது பரவாயில்லை. சாரைப் பற்றி அந்த வரி எழுதப்படுவதைத்தான் தாங்க முடியவில்லை.

அம்மா, அவர் காதுக்கு அடுத்தபடியாக அந்தப் பிள்ளைகள் ஒத்துக்கொள்கிற காது உலகத்தில் ஒன்றுதான் இருக்கிறது. நீங்கள் வந்தால் வகுப்புக்குள் விட ஹெச்.எம். சம்மதிக்கிறார். சார் இறந்துவிட்டார் என்று உங்கள் வாயால் சொல்லக் கூடாது என்பது மட்டும்தான் அவர் நிபந்தனை. வற்புறுத்தவில்லை. கேட்கிறேன்.

டீச்சர்


அக்டோபர் 7

டீச்சரம்மாவுக்கு,

வேலை போனாலும் போகட்டும் என்று முன்பின் பார்த்திராத ஒரு மனிதருக்காக நின்றிருக்கிறீர்கள். அதற்குப் பிறகும் நான் இங்கே துணி மடித்துக்கொண்டிருந்தால் அவர் கனவில் வந்து கேட்பார்.

திங்கட்கிழமை வருகிறேன். பத்தாம் தேதிக்கு மேல் இரண்டு நாள் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள், பொய்யை எடுப்பது திங்கட்கிழமைதான். ஹெச்.எம்.முக்கு வாக்குக் கொடுக்கிறேன், என் வாயால் சொல்ல மாட்டேன். நீங்கள் வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டும். உள்ளே ஒரு காதுதான் இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம்.

மகள் வேண்டாம் என்கிறாள். ஆனால் பையில் துணி எடுத்து வைத்துக் கொடுத்ததும் அவள்தான்.

சார் வீட்டுக்காரி


அக்டோபர் 13

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்திருப்பீர்கள். நேற்று உங்களை பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி வந்தபோது வகுப்பு அமைதியாக இருந்தது. அழுதிருந்தார்கள், தெரிந்தது. ஆனால் சாப்பாட்டு மணி அடித்ததும் ஒருவருக்கொருவர் பகிர்ந்துகொண்டு நன்றாகச் சாப்பிட்டார்கள்.

போர்டு முழுக்க ஓர் ஆறு. ஜன்னல் பக்கம் மலையில் தொடங்கி, கதவுப் பக்கம் கடலில் போய் விழுகிறது. ஹெச்.எம். வந்து அதன் முன்னால் நின்றார். இன்று காலையில் அவரே வந்து கேள்வியைச் சொல்லி எழுதச் சொன்னார். எல்லோரும் மலை என்று எழுதினார்கள். தாள்களைப் பார்த்துவிட்டு, "அப்போ அவர் கடைசி வரைக்கும் சரியாத்தான் இருந்திருக்கார்" என்று சொல்லி, அறிக்கையை என் எதிரிலேயே கிழித்தார். கிழித்ததைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் நின்றார்.

தினமும் வருகைப் பதிவு எடுக்கும்போது யாராவது ஒரு பிள்ளை, சார் எப்போது வருவார் என்று கேட்கும். இன்று யாரும் கேட்கவில்லை. முதல் முறையாக, "டீச்சர், இன்னைக்கு என்ன பாடம்?" என்று கேட்டார்கள். உள்ளே என்ன நடந்தது என்று 'கேள்வி'யிடம் கேட்டேன். "அத அம்மாகிட்டதான் கேக்கணும்" என்றாள்.

கேட்கிறேன் அம்மா.

டீச்சர்


அக்டோபர் 17

அன்புள்ள டீச்சரம்மாவுக்கு,

காதில் சொன்னதை வெளியே சொல்லக் கூடாதுதான். ஆனால் இனி அந்த வகுப்பு உங்களுடையது. உங்களுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் இருக்கக் கூடாது.

நான் உள்ளே போனதும் எல்லோரும் எழுந்து நின்றார்கள். நீங்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. நான் மேஜைக்குப் பின்னால் போகவில்லை, ஜன்னல் ஓரம் நின்றேன். சாருக்குக் காதில் சொல்ல வேண்டியதை வாங்கிக்கொள்ள வந்திருக்கிறேன் என்றேன். பின்னால் இருந்து ஒரு வாண்டு, "சார் காது வரலையா?" என்றது. அந்தக் காதைத் துடைத்துவிட்டவள் நான்தான் என்றேன். அப்போதும் நம்பவில்லை. சும்மாவா, அவர் வளர்த்த பிள்ளைகள் ஆயிற்றே. 'கேள்வி' எழுந்து, "சார் சொன்ன பொய்யில நீங்க எதுல ஏமாந்தீங்க?" என்று கேட்டாள். தரையில் கோடு போட்டிருக்கும் என்று நம்பினதைச் சொன்னேன். வகுப்பே சிரித்தது. "அதுலயா? அத நாங்க உடனே கண்டுபிடிச்சிட்டோம்" என்றார்கள். சிரிக்கட்டும் என்று நானும் சிரித்தேன். அதன் பிறகு வரிசையில் நின்றார்கள்.

ஒவ்வொன்றாக வந்து சொன்னது. சிலது வேகமாகச் சொல்லிவிட்டு ஓடியது. சிலது கையைக் குவித்து, மூச்சு பட, ஒவ்வொரு எழுத்தாக. ஆறு மலையிலதான் பொறக்குது. மேல இருந்துதான் கீழ வரும். எங்க மாமா ஊர்ல பார்த்திருக்கேன். தன் பெயரைத் தப்பாக எழுதும் என்று சொன்னீர்களே, அந்தப் பிள்ளை, கடல் தண்ணி உப்பு, ஆத்துத் தண்ணி உப்பு இல்ல, அப்போ அது கடல்ல இருந்து எப்படி வரும் என்றது. எனக்கு அது தோன்றவே இல்லை டீச்சரம்மா. அவர் இருந்திருந்தால் அன்றைக்கு அதை என்னிடம் நாலு தடவை சொல்லியிருப்பார்.

கடைசியில் 'கேள்வி' வந்தாள். காதில் சொன்னாள்: "ரெண்டு பொய் கண்டுபிடிச்சேன். ஆறு ஒண்ணு. சார் லீவுன்னு சொன்னது இன்னொண்ணு. சார் செத்துட்டாங்க."

ஹெச்.எம்.முக்கு வாக்குக் கொடுத்திருந்தேன், என் வாயால் சொல்ல மாட்டேன் என்று. நான் சொல்லவில்லை, பிள்ளை சொன்னது. சரியாகக் கண்டுபிடித்தால் தலையாட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். தலையாட்டினேன்.

அவள் போய் உட்காரவில்லை. திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள். எல்லோரும் மறுபடியும் வரிசையில் நின்றார்கள். முன்னால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போன பிள்ளைகள் எல்லாம் இரண்டாவதைச் சொல்ல வந்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. வீட்டில் அப்பா அம்மா பேசிக்கொண்டதைக் கேட்டு, பலசரக்குக் கடையில் கேட்டு, எப்படியோ. யாரிடமும் கேட்க வழியில்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு, தினமும் உங்களிடம் சார் எப்போது வருவார் என்று கேட்டிருக்கிறார்கள். அது அவர்கள் உங்களுக்கு வைத்த பரீட்சை. நான் ஒவ்வொரு பிள்ளைக்கும் தலையாட்டினேன். முதலில் கழுத்து அசையவே இல்லை. போகப் போக அசைந்தது. கடைசிப் பிள்ளை வரும்போது, ஆமாம், அவர் செத்துத்தான் போய்விட்டார் என்று எனக்கே தெரிந்திருந்தது.

பிறகு சாக்பீஸை யாரிடம் கொடுப்பது என்று தெரியவில்லை. எல்லோரும் கண்டுபிடித்திருக்கிறார்களே. கை மாற்றி மாற்றி வரையச் சொன்னேன். அதனால்தான் அந்த ஆறு அவ்வளவு கோணல்.

வரைந்து முடித்ததும் மேப்பை எடுத்துத் தரையில் விரித்தார்கள். நான் எதற்கு என்றேன். எது நடந்தாலும் எங்கே, எப்போது என்று இரண்டையும் கேட்காமல் விடக் கூடாது என்று சார் சொல்லியிருக்கிறாராம், அப்படிக் கேட்டால்தான் அது கதையாக இல்லாமல் சரித்திரம் ஆகும் என்று. அந்த மேப்பைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்தார்கள். நானும் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மகள் இருக்கிற ஊர் எங்கே இருக்கிறது என்று எனக்கு மேப்பில் பார்க்கத் தெரியாது. அவர்களே தேடிக் காட்டினார்கள். அதில் விரல் வைத்தேன். இங்கே என்றேன். ஆகஸ்ட் மாதம், கடைசி ஞாயிற்றுக்கிழமை, காலையில் என்றேன். வாக்குக் கொடுத்ததை மீறினேனா என்று ஹெச்.எம். கேட்டால், பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னேன் என்று சொல்லுங்கள்.

நீங்கள் வராந்தாவிலேயே நின்றீர்கள். அழுகைச் சத்தம் கேட்டும் உள்ளே எட்டிப் பார்க்கவில்லை. அதை நான் கவனித்தேன், பிள்ளைகளும் கவனித்தார்கள். நீங்கள் விருந்தாளி இல்லை.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். நான் விரலை எடுத்ததும் அந்த இடத்தில் ஒரு பிள்ளை பென்சிலால் புள்ளி வைத்துவிட்டது. பள்ளிக்கூடத்து மேப்பில் எழுதக் கூடாது என்று தெரியும். அதை மட்டும் அழிக்க வேண்டாம்.

இப்படிக்கு
சார் வீட்டுக்காரி